தொட்டிலில் புயலடித்த குழந்தை: ‘ஸ்க்வால்’ என்ற சொல்லின் கதை

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அதுதான் எனக்கு வகுப்பறை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். சென்ற வாரம் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காகச் சின்னதாக ஒரு வரி கொடுத்தேன். தொட்டில், குழந்தை, இரவு என்று எல்லாமே எளிய சொற்கள். வினைச்சொல் மட்டும் வம்பு பிடித்தது: ஸ்க்வால். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதித் தந்தாள்: ‘தொட்டிலில் குழந்தை இரவு முழுவதும் புயலடித்தது.’

கொட்டகையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அகராதியில் அப்படித்தான் சார் போட்டிருக்கிறது. அப்பாவின் போனுக்கு வரும் மீனவர் எச்சரிக்கையிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது” என்றாள். அவளுடைய அப்பா காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் ஆங்கிலச் சொற்களில் முதலில் நுழைந்தவை வானிலைச் சொற்களாகத்தான் இருக்கும்.

சிரித்த பிள்ளைகளில் எவருக்கும் சரியான பொருள் தெரியவில்லை என்பது அடுத்த நிமிடத்தில் வெளிப்பட்டது. அன்றைக்கு இலக்கணப் பாடத்தை மூடி வைத்துவிட்டு இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். அங்கே பேசியதையும், பேச நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலி. எஸ், கியூ, யூ, ஏ, எல், எல் என்று ஆறு எழுத்துகள். சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எப்படிச் சொல்கிறோமோ, அதன் முன்னால் ‘ஸ்க்’ சேர்த்தால் போதும். ‘ஸ்குவல்’ என்று குறுக்கிச் சொல்வது தவறு. பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். பெயர்ச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் காற்று. வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் அழுகை. இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டே தேர்வில் முக்கால்வாசி இடங்களைக் கடந்துவிடலாம். மீதிக் கால்வாசிக்குத்தான் கதை தேவைப்படுகிறது.

காற்றிலிருந்து தொடங்குவோம். ஸ்க்வால் என்பது திடீரென்று எழுந்து, சில நிமிடங்கள் வலுவாக வீசி, திடீரென்று தணிந்துவிடும் காற்று. கூடவே மழை இருக்கலாம், இடி இருக்கலாம், குளிர்நாட்டில் பனி இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல் வெறும் காற்றாகவும் வரலாம். ‘திடீரென்று’ என்பதுதான் இதன் உயிர். வேகம் மட்டுமே கணக்கு என்றால், பகல் முழுவதும் ஒரே சீராக வலுத்து வீசும் காற்றையும் இதே பெயரால் அழைக்க வேண்டியிருக்கும். அப்படி எவரும் அழைப்பதில்லை.

திடீர் என்பதைக்கூட வானிலைக்காரர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி, காற்றின் வேகம் சட்டென்று குறைந்தது 16 நாட் கூட வேண்டும். கூடிய பிறகு அது 22 நாட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த நிலை குறைந்தது ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கூடி, 41 கிலோமீட்டரையாவது எட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். கடற்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருக்கிறது. சட்டென்று 48 ஆகிறது, மூன்று நிமிடம் நிற்கிறது. கூடியது 33, எட்டியது 48. எனவே ஸ்க்வால். இன்னொரு நாள் காற்றே இல்லை. 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 35 ஆகிறது. பாய்ச்சல் பெரிதுதான், ஆனால் 41ஐத் தொடவில்லை. ஆகவே இல்லை. மூன்றாவது நாள் காலையிலிருந்தே 38. அது 55 ஆகிறது. வேகம் அதிகம்தான், பாய்ச்சல் போதாது. அதுவும் இல்லை. “அப்படியென்றால் 15லிருந்து 50க்குப் போய் இருபது நொடியில் இறங்கிவிட்டால்?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு ஆங்கிலத்தில் கஸ்ட் என்று வேறு பெயர் இருக்கிறது. நாம் குப்பென்று அடித்த காற்று என்கிறோமே, அது. நொடிக் கணக்கில் வந்து போவது கஸ்ட். நிமிடக் கணக்கில் நிற்பது ஸ்க்வால். மணிக்கணக்கில் வாட்டுவது புயல்.

நம் இந்திய வானிலை ஆய்வுத் துறை இதையே பியூஃபோர்ட் அளவுகோலில் சொல்கிறது: வேகம் குறைந்தது மூன்று படி ஏறி, ஆறாம் படியையோ அதற்கு மேலோ எட்டி, ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். பியூஃபோர்ட் என்பவர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. 1805ஆம் ஆண்டு வாக்கில், கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்தே காற்றின் வலுவைச் சொல்ல அவர் ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் ஆறாம் படிக்கு நிலத்தில் என்ன அடையாளம் தெரியுமா? பெரிய கிளைகள் ஆடும், கம்பிகளில் காற்று விசிலடிக்கும், குடை பிடிப்பது பெரும்பாடாகும். மாணவர்களுக்கு 41 கிலோமீட்டர் என்பதைவிட இது உடனே விளங்கியது. கல்மண்டபம் சாலையில் குடை மேல்நோக்கி விரிந்து கம்பி தெரிந்த அனுபவம் இல்லாதவர்கள் அந்தக் கொட்டகையில் ஒருவரும் இல்லை.

இந்தக் காற்று எங்கிருந்து கிளம்புகிறது? வடசென்னையில் வசிப்பவர்கள் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏதாவது ஒரு மாலையில் மாடிக்குப் போய் நின்றால் போதும்.

பகலெல்லாம் தரை கொதிக்கிறது. மதியத்துக்கு மேல் கிழக்கே கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. துறைமுகத்தின் எண்ணெய் வாடை, உப்பு, கருவாடு எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த மாதங்களில் மேற்கேயிருந்தும் காற்று வீசுகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் சூடான ஈரக்காற்று மேலே எழும்பி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக வளர்கிறது. அந்த மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும் நீர் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். குளிர்ந்த காற்று கனமானது. அது மழைத்துளிகளோடு சேர்ந்து ‘தொபுக்’கென்று கீழே இறங்குகிறது. தரையில் மோதிய பிறகு அதற்குப் போக வேறு இடமில்லை. வாளித் தண்ணீரைத் தளத்தில் கொட்டினால் நாலாபக்கமும் ஓடுவதுபோலப் பரவுகிறது. மேகம் நகரும் திசையில் அதன் ஓட்டம் இன்னும் பலம். அந்த ஓட்டத்தின் முன்விளிம்பு நம் மாடியைத் தொடும் கணம்தான் ஸ்க்வால். மழை இன்னும் வியாசர்பாடியைத் தாண்டியிருக்காது. காற்று அதற்குள் ராயபுரம் வந்துவிடும்.

இதில் நான் பல வருடங்களாகக் கவனித்த ஒன்று உண்டு. காற்று வருவதற்குச் சற்று முன்னால் கடற்காற்று நின்றுவிடுகிறது. மாடியில் காயும் துணி தொங்கிய தொங்கலில் அப்படியே நிற்கும். காக்கைகள் தாழப் பறக்கும். மேற்கே பெரம்பூர்ப் பக்கம் வானம் மைக்கூடு கவிழ்ந்ததுபோல இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் அசையாது. பிறகு மண்வாசனையோடு சில்லென்று ஒரு வீச்சு. கிழக்கு நோக்கி ஆடிய கொடி மேற்கு நோக்கி ஆடும் என்று சொல்ல வந்தேன், திருத்திக்கொள்கிறேன், நேர்மாறாக. கடற்காற்றில் கொடி மேற்கு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். இந்தக் காற்று வந்ததும் கடல் பக்கம் திரும்பிப் படபடக்கும். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு பத்து நிமிடத்தில் எங்கள் கொட்டகையின் தகரம் ஒன்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பின்தெருவில் போய் விழுந்தது. நல்லவேளையாக ஒரு சைக்கிள் மட்டும்தான் நசுங்கியது. சைக்கிளுக்கு நான் பணம் கொடுத்தேன்.

தகரம் பறந்தால் தெருவோடு போயிற்று. கடலில் இருப்பவருக்கு அப்படி இல்லை. மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று படகைக் கரையிலிருந்து விலக்கிக் கடலுக்குள் தள்ளுகிறது. சின்ன ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய எஞ்சின், பாதி இழுத்த வலை. காற்று தணிகிறவரை அலையை முன்னால் வாங்கியபடி படகின் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாணவி இதைச் சொன்னபோது கொட்டகையில் சிரிப்பு அடங்கியிருந்தது. அவளுடைய அப்பாவுக்கு ஸ்க்வால் என்ற சொல் தெரியாது. அந்தப் பொருள் அவருக்கு உடம்பில் தெரியும்.

பாய்மரக் காலத்தில் இது இன்னும் பெரிய ஆபத்து. காற்று மெல்ல மெல்ல வலுத்தால் மாலுமிகள் பாய்மரத்தில் ஏறிப் பாயைச் சுருக்க நேரம் கிடைக்கும். ஸ்க்வால் அந்த நேரத்தைத் தருவதில்லை. 1878 மார்ச் 24 அன்று, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த யூரிடிஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைப் பயிற்சிக் கப்பல், இங்கிலாந்தின் தென்கரையில் ஒய்ட் தீவுக்கு அருகே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பனியோடு வந்த ஸ்க்வாலில் சிக்கிக் கவிழ்ந்தது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இருவர். கடலோடிகள் இந்தக் காற்றுக்குத் தனிப்பெயர் வைத்ததில் வியப்பே இல்லை. அவர்களிடம் இதற்கு வகைகளும் உண்டு: கருமேகத்தோடு வந்தால் கறுப்பு ஸ்க்வால், மேகமே இல்லாமல் அலையின் நுரையை மட்டும் எழுப்பிக்கொண்டு வந்தால் வெள்ளை ஸ்க்வால்.

இனி மீனவர் எச்சரிக்கைக்கு வருவோம். என் மாணவி தடுக்கி விழுந்தது அங்கேதான், அவள்மேல் முழுப் பழியும் இல்லை. ‘சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்ற வரியைத் தொலைக்காட்சியில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அதன் ஆங்கில வடிவத்தில் இருப்பது ‘ஸ்க்வாலி’ என்ற பெயரடை. ஒரே ஒரு ஸ்க்வால் வரும் என்று அது சொல்லவில்லை. விட்டு விட்டு, எப்போது என்று சொல்ல முடியாதபடி, இப்படிப்பட்ட காற்று எழுந்தடங்கும் நிலை அந்தக் கடல் பகுதியில் இருக்கிறது என்பதே பொருள். ‘இடையிடையே 65’ என்பது முன்னே சொன்ன கஸ்ட். தினமும் காதில் விழும் ஒரு வரியில் மூன்று அளவு ஒளிந்திருக்கிறது.

சூறாவளி என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சூறை, வளி இரண்டும் சேர்ந்தது அது. வளி என்றால் காற்று. சூறை என்றால் சுழற்றியடிப்பது, வாரிக்கொண்டு போவது. சூறையாடினான் என்கிறோம், கோயில் வாசலில் உடைத்துவிட்டுப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கும் தேங்காயைச் சூறைத்தேங்காய் என்கிறோம். அருமையான சொல், ஸ்க்வாலுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் செய்தித்தாள்கள் நெடுங்காலமாகச் சூறாவளி என்பதைப் புயலுக்கும் எழுதி வருகின்றன. அதனால் ‘சூறாவளிக்காற்று’ என்று கேட்டதும் மக்கள் மனத்தில் எழுவது 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா. அன்றைக்குக் காலையில் தொடங்கிய காற்று மாலைவரை விடவில்லை; தெருவுக்குத் தெரு மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வர்தா புயல். ஸ்க்வால் அதன் கால்தூசி. அந்தப் புயலுக்குள்ளேயே மழைப்பட்டைகள் கடந்தபோதெல்லாம் எத்தனையோ ஸ்க்வால்கள் வந்து போயிருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் மீனவர் எப்படிப் பிரித்தறிவார்? மொழிபெயர்ப்பில் சூறைக்காற்று என்று எழுதுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். புயல் என்பதைப் புயலுக்கே விட்டுவிடலாம்.

துறைமுகக் கூண்டும் இதோடு சேர்ந்ததுதான். சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் ‘1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தி வந்தவுடன் கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்துவிடுகிறது. உண்மையில் 1ஆம் எண்ணின் பொருள், தொலைவில் கடலில் ஸ்க்வால்கள் எழும் பகுதி ஒன்று உருவாகியிருக்கிறது, அது புயலாக மாறக்கூடும் என்பதுதான். 3ஆம் எண் ஏறினால் அப்படிப்பட்ட காற்றால் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல். மொத்தம் 11 எண்கள் இருக்கின்றன. சென்னைத் துறைமுக வளாகத்துக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைப் பந்துபோல இருக்கிறதே, அது வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார். பேருந்தில் போகும்போது பிள்ளைகள் அதைத் தண்ணீர்த்தொட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெளியூர்ப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இரண்டு வரி. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன் ‘சுமத்ரா ஸ்க்வால்’ என்று சொன்னால், சுமத்ரா தீவுப் பக்கம் இடிமேகங்கள் வரிசையாகக் கைகோத்து உருவாகி, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ சிங்கப்பூரைக் கடப்பதைச் சொல்கிறான் என்று பொருள். அமெரிக்காவிலிருந்து மகள் ‘ஸ்னோ ஸ்க்வால்’ என்றால் திடீர்ப் பனிவீச்சு. நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் தெரியாமல் போய்விடும். வங்காளத்தில் சித்திரை வைகாசி மாலைகளில் அடிக்கும் கால்பைசாகியும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது குழந்தை.

ஆங்கிலத்தில் அழுகைக்குச் சொற்கள் ஏராளம். ஸ்க்வால் என்பது அவற்றில் கர்ணகடூரமான ஒன்று. தொண்டை கிழிய, காது கூச, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படியான கத்தல். சோகம் இதில் முக்கியமில்லை. தாயை இழந்தவர் அழுவதை இந்தச் சொல்லால் சொன்னால் அது அவமரியாதை. பசித்த குழந்தை, கோபித்த குழந்தை, சண்டைபோடும் பூனை ஆகியோருக்கு உரியது. காசிமேட்டுப் பூனைகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மீன் ஏலம் முடிந்த இரவில், ஒரு காரல் மீன் தலைக்காக இரண்டு கடுவன்கள் ஓட்டுக்கூரைமேல் முகத்துக்கு முகம் நின்று எழுப்பும் ஒலி இருக்கிறதே, அதே ஒலிதான்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் வீறிடுதல். குழந்தை வீறிட்டு அழுதது. அல்லது வீல் என்று கத்தியது. சிணுங்கியது, முனகியது, விம்மியது, தேம்பியது எதுவும் சரிவராது, அவையெல்லாம் சின்ன அளவு. ஓலமிட்டது என்றால் துயரம் ஏறிவிடும். கதறியது என்றாலும் அப்படியே. அலறியது என்பதில் பயம் இருக்கிறது. வீறிடுதலில்தான் உரக்க, திடீரென, காரணம் தெரியாமல் என்ற மூன்றும் ஒன்றாக வந்து உட்காருகின்றன.

என் தங்கையின் மகனை ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பார்த்ததைச் சொல்கிறேன். பெஞ்சில் ஏழெட்டுத் தாய்மார்கள் மடியில் குழந்தைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண்குழந்தை. ஊசி போகிறது. குழந்தை அழவில்லை. நர்ஸின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. கீழுதடு மெதுவாகப் பிதுங்குகிறது. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. முகம் சிவக்கிறது. மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு மூன்று நொடியில் அறை முழுவதும் அசையாமல் நின்றது. அடுத்து என்ன வரப்போகிறது என்று பெற்றவர்களுக்கெல்லாம் தெரியும். அப்புறம் வந்தது. மருந்துப்பெட்டியின் மூடி அதிர்ந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை. இன்னும் ஊசி போடாத குழந்தைகளும் கூடவே சேர்ந்துகொண்டன. தாய் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். மூன்று நிமிடத்தில் அந்தக் குழந்தை என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

துணி தொங்கிய தொங்கலில் நின்ற மாடியும், மூச்சை இழுத்துக்கொண்டே இருந்த அந்த வாயும் எனக்கு அன்றிலிருந்து ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன. இரண்டு பொருளையும் மாணவர்களுக்கு நான் சேர்த்தே சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

சொல்லின் வரலாறு இதை ஓரளவு ஆதரிக்கிறது. கத்துதல் என்ற பொருள்தான் மூத்தது. ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருக்கிறது. காற்று என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலுமிகளின் பேச்சு வழியாக ஏறியது. வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருப்பதாகக் கருதப்படுகிறது: பழைய நார்ஸ் மொழியில் இதை ஒத்த ஒரு வினைச்சொல்லுக்குக் கூவுதல் என்று பொருள், நார்வே மொழியில் இதை ஒத்த ஒரு பெயர்ச்சொல்லுக்குச் சடாரென்று பாயும் நீர் என்று பொருள். கூவுதலும் பாய்தலும் அந்த வடகடல் ஓரத்திலேயே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்திருக்கின்றன. நமக்கு இது புதிதில்லை. சீறுதல் பாம்புக்கும் உண்டு, காற்றுக்கும் உண்டு. ஓலம் மனிதருக்கும் உண்டு, கடலுக்கும் உண்டு.

‘ஸ்க்’ என்று தொடங்கும் சில சொற்கள் இதன் அண்ணன் தம்பிபோலத் தோன்றிக் குழப்பும். ஸ்க்வீல் என்பது மெல்லிய, நீண்ட கீச்சொலி. பிரேக் பிடித்த சக்கரமும் மகிழ்ச்சியில் துள்ளும் சிறுமியும் எழுப்புவது. ஸ்க்வாக் என்பது கோழி, கிளியின் கரகரப்பு. ஸ்க்வாபிள் என்பது குழாயடிச் சண்டை. ஸ்க்வாலர் என்று ஒன்று இருக்கிறது, எழுத்தில் அச்சாக இதைப்போலவே தொடங்கும். அழுக்கும் வறுமையும் மண்டிய நிலை என்று பொருள். அது லத்தீனிலிருந்து வந்தது, இதற்கு உறவே கிடையாது. வடசென்னையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சிலருக்கு அந்தச் சொல்மேல் தனிப்பாசம் இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

பேச்சுவழக்கில் ஸ்க்வாலுக்கு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. வீட்டிலோ அலுவலகத்திலோ சட்டென்று வெடித்து அடங்கும் மனத்தாங்கலையும் அப்படிச் சொல்வார்கள். ‘ஸ்க்வால் வரும், பார்த்துக்கொள்’ என்றொரு மாலுமி மரபுத்தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பா முகம் சரியில்லை, இன்றைக்குப் பணம் கேட்காதே என்று அம்மா கண்ணால் சொல்கிறாரே, அந்தக் கண்ஜாடைக்கு ஆங்கிலம் அது.

அன்றைய வகுப்பு முடியும்போது கொஞ்சம் குறும்பாக இன்னொரு வரி கொடுத்தேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு ஸ்க்வால். முதலாவது பெயர்ச்சொல், அது பத்து நிமிடம் நீடித்தது. இரண்டாவது தொட்டிலிலிருந்து வந்தது, அது விடியும்வரை நீடித்தது. மறுநாள் நோட்டுகளைத் திருத்தினேன். பெரும்பாலோர் சூறைக்காற்று, வீறிடல் இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். வாக்கியம்தான் மாட்டுவண்டிபோல நகர்ந்தது. புயலடித்த குழந்தைக்காரியின் நோட்டில் இப்படி இருந்தது: ‘காற்று பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது, குழந்தை விடியும்வரை அடங்கவில்லை.’

சொல்லிக்கொடுத்த சொல் இரண்டையுமே அவள் பயன்படுத்தவில்லை. சிவப்பு மையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். பத்துக்குப் பத்து போட்டேன்.